இடது காலின் சரித்திரம்

மனிதனுக்குக் கடவுள் இரண்டு கால் கொடுத்தார். மோட்டார் வண்டியைச் செய்தவன் மூன்று மிதிகளை வைத்தான். இந்தக் கணக்கு வித்தியாசத்தை நம்மில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலது கால் இரண்டு மிதிகளைப் பார்த்துக்கொள்கிறது. இடது காலுக்குக் கிளச்சு என்ற ஒன்றுதான். வேலை குறைவு என்பதால் அதற்கு மரியாதையும் குறைவு. தில்லைக் கூத்தன் தூக்கிய இடது பாதத்தைத் தவிர வேறு எந்த இடது பாதத்தையும் யாரும் பாடியதாக எனக்கு நினைவில்லை.

அப்படிப்பட்ட இடது காலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் நண்பர் ஒருவர். உடுமலைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், அமராவதி நகரில் இருக்கிறார். பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகிய மூன்றும் தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கும் இடத்தில், காமராஜர் முதல் மந்திரியாக இருந்த காலத்தில், 1957-ல் கட்டி முடித்த அணை அது. 90 அடி ஆழம், 4 டி.எம்.சி. தண்ணீர். அணை வந்தது, அணையோடு ஊர் வந்தது, 1962-ல் சைனிக் பள்ளிக்கூடம் வந்தது. சுற்றிலும் தென்னந்தோப்புகள். அவற்றில் ஒன்று என் நண்பருடையது.

நண்பருக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. 2014-ல் நம் தேசம் அந்த நோய் இல்லாத தேசம் என்று சான்றிதழ் பெற்றது. அவருடைய காலுக்கு அந்தச் சான்றிதழ் முப்பது வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தது. கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்சு. கைத்தடியை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏறுவதில் எங்களையெல்லாம் முந்துவார். ஆனால் தோப்புக்குப் போகிற பாதை மாடிப்படி அல்ல. இரண்டு ஓடை, ஒரு கரட்டு மேடு, மழை பெய்தால் முழங்கால் சேறு. அவருடைய தகப்பனார் இறப்பதற்கு முன் மகனுக்காக ஒரு பழைய வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகிற, காடு மேடு ஏறுகிற வண்டி. முக்கியமான விஷயம், அதில் இரண்டே மிதிகள்தான். கிளச்சு கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும்.

வண்டிக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. அதன் பெயரையும் அதைச் செய்த கம்பெனியின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. கிழ வயதில் யாருக்கும் மூட்டு வலி வரும்; அதற்குப் பெற்றவர்களைக் குறை கூறுவது நியாயமில்லை.

சென்ற வருஷம் பங்குனி மாதம் நான் அங்கே போயிருந்தேன். "வா, தூவானம் அருவி வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்று அழைத்துக்கொண்டு போனார். ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டி மூணாறு சாலையில் ஏறினோம். காலையில் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடிற்று. திரும்பும்போது மாலை நாலரை மணி. நல்ல வெயில். ஒரு மேட்டில் ஏறுகையில் வண்டியின் முன் பலகையில் ஒரு சிறு விளக்கு மின்னத் தொடங்கியது. உடனே என்ஜின் முக்கியது. வண்டி மட்டும் கர்ப்பிணியைப் போல் நடந்தது. முதல் கியரில் ஏற வேண்டிய மேட்டில் மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

அந்த மேட்டின் உச்சியில் ஒரு யானை நின்றது. பின்னால் இன்னும் இரண்டு. நடுவில் ஒரு குட்டி. கோடைக் காலத்தில் அவை அணைத் தண்ணீருக்கு இறங்கி வருவது வழக்கம். நாங்கள் நின்றோம். முன்னே போகத் தெம்பில்லாத வண்டியில், ஓட முடியாத ஒரு மனிதரும் ஓடத் தெரியாத ஒரு எழுத்தாளனும் உட்கார்ந்திருந்தோம். நண்பர் சாவியை அணைத்தார். இருபது நிமிஷம். யானைகள் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் சாலையைக் கடந்து போயின. பிறகு சாவியைத் திருப்பியதும் வண்டி ஒன்றுமே நடக்காதது போல் முதல் கியரில் ஏறியது. இரண்டு மைல் கழித்து மறுபடியும் அதே கதை.

"ஆறு மாசமா இப்படித்தான்" என்றார் நண்பர்.

நகரத்துப் பட்டறை ஒன்றில் வண்டியைக் காட்டியிருக்கிறார். ராத்திரி முழுவதும் வண்டி அங்கே நின்றிருக்கிறது. காலையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். கியர்ப்பெட்டியின் மின்சாரச் சுருளில் கோளாறு என்று அது ஓர் எண்ணைக் காட்டியது. ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாக ஓடிற்று. கடைசியில் கியர்ப்பெட்டியையும் அதை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டியையும் மாற்றிவிடுவதே உத்தமம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வண்டியை விற்றால் கிடைக்கிற பணத்தைவிடச் சீட்டில் இருந்த தொகை பெரியது.

அன்று இரவு சாப்பிடும்போது நண்பரின் தாயார் விஷயத்தைச் சொன்னார்: "தோப்பைக் குத்தகைக்கு உட்டுட்டுத் திருப்பூர் போயிரலாம்னு சொல்றான் கண்ணு. தங்கச்சி வூட்டுல பனியன் கம்பெனி இருக்குது. கணக்கு எழுதிக்கிட்டு உட்கார்ந்திருப்பேங்கறான். அவனுக்குத் தோப்புக்குப் போறதுக்கு அந்த வண்டிதானே காலு? காலு போச்சுன்னா அப்புறம் தோப்பு எதுக்கு?"

வேறு வண்டி வாங்கக் கூடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். கிளச்சு இல்லாத சின்னக் கார்கள் இப்போது எவ்வளவோ வந்துவிட்டன. அவை ஓடையைக் கண்டால் நின்றுவிடும். ஓடையைத் தாண்டுகிற புது வண்டி வேண்டுமானால் தோப்பில் பாதியை விற்க வேண்டும். பாதித் தோப்பை விற்று, மீதித் தோப்புக்குப் போக வண்டி வாங்குவதா?

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கிளச்சு இல்லாத வண்டியை முதலில் யார் நினைத்தார்கள், அதில் மின்சாரம் எப்போது நுழைந்தது என்று பின்னால் நான் தேடிப் படித்ததையெல்லாம் இங்கே சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் அந்தச் சிறு விளக்கு எதற்காக மின்னியது என்பது விளங்கும்.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வழியாகப் பழநி போகும் சாலை நம் கதையின் ஆரம்பம். அந்தச் சாலையில் 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கினார் ஜி.டி. நாயுடு. கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். வாலிபத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்துப் பாடம் கற்றவர். பஸ் வாங்க ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுத்தார். நாயுடுவே பஸ்ஸை ஓட்டினார்.

அந்தக் காலத்துப் பஸ்ஸில் கியர் மாற்றுவது என்றால் அது ஒரு வித்தை. உள்ளே சுழல்கிற பற்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்தால்தான் ஒன்றோடொன்று சேரும். இல்லாவிட்டால் ஊரைக் கூட்டிவிடும். ஆகவே டிரைவர் கிளச்சை மிதிப்பார், கியரை நடுவுக்குக் கொண்டுவருவார், கிளச்சை விடுவார், என்ஜினை ஒரு உறுமு உறுமச் செய்வார், மறுபடி கிளச்சை மிதித்து அடுத்த கியரில் தள்ளுவார். ஒரு கியருக்கு இரண்டு மிதி. ஒரு நாள் சவாரியில் அந்த இடது கால் எத்தனை நூறு தடவை எழுந்து இறங்கியிருக்கும்!

இந்தத் தொல்லையைக் குறைக்க அமெரிக்காவில் ஏர்ல் தாம்ஸன் என்பவர் ஒரு வழி கண்டார். பற்கள் சந்திப்பதற்கு முன்பே உராய்வினால் அவற்றின் வேகத்தைச் சமன் செய்துவிடும் ஏற்பாடு அது. 1928-ல் காடிலாக் கம்பெனி அதைத் தன் கார்களில் வைத்தது. இரட்டை மிதி ஒற்றை மிதியாயிற்று. இடது காலுக்குக் கிடைத்த முதல் சம்பள உயர்வு என்று சொல்லலாம்.

அடுத்தபடியாக மின்சாரம் வந்தது. 1935-ல் ஹட்சன் கம்பெனி "மின்சாரக் கை" என்ற பெயரில் ஒரு விசையை விற்றது. ஸ்டியரிங் தண்டின் ஓரத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு கைப்பிடி. எந்தக் கியர் வேண்டுமோ அந்த இடத்தில் அதை வைத்துவிட்டுக் கிளச்சை மிதித்தால் போதும். என்ஜின் உறிஞ்சும் காற்றின் பலம் கியரை மாற்றிவிடும். எந்தக் குழாயில் அந்தப் பலம் போக வேண்டும் என்று வழி திறப்பது மின்சாரத்தால் காந்தமாகும் கம்பிச்சுருள். சோலனாய்டு என்பார்கள். மறு வருஷம் கோர்டு 810 என்ற அழகான கார் இதே உபாயத்தோடு வந்தது. உலகமே அதன் அழகை வியந்தது. ஆனால் அதன் கியர்ப்பெட்டி தந்த தொந்தரவு அழகைவிடப் பிரசித்தமாகிவிட்டது. ஏறக்குறைய 3,000 கார்கள் செய்து, 1937-ல் கடையை மூடிவிட்டார்கள்.

ஹட்சன்காரர்களின் ஒரு செய்கை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மின்சாரக் கையை விற்ற அவர்களே, பழைய பாணிக் கியர்த் தண்டு ஒன்றையும் முன் பலகைக்கு அடியில் மாட்டி வைத்துக் கொடுத்தார்கள். நடுவழியில் மின்சாரம் கைவிட்டால் அதை எடுத்துச் சொருகிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். தன் கண்டுபிடிப்பை நம்புகிறவன் வியாபாரி. அது ஒரு நாள் கெட்டுப்போகும் என்பதையும் நினைத்து வைக்கிறவன் பெரியவன். இந்தக் கியர்த் தண்டை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யானைகளின் நடுவே அது மறுபடியும் வரப்போகிறது.

மின்சாரம் தோற்ற இடத்தில் எண்ணெய் ஜெயித்தது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால் பலம் அதிகம். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-லேயே கப்பல்களுக்காக இதைக் கண்டுபிடித்துவிட்டார். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இந்த எண்ணெய் விசிறி இருந்தால் கிளச்சு மிதியே தேவையில்லை. முன்னே சொன்ன தாம்ஸன்தான் ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு இதற்குப் பற்சக்கரங்களைக் கோத்தார். 1939-ல் வெளியான 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 57 டாலர் அதிகம் கொடுத்தவர்களுக்கு "ஹைட்ரா-மாட்டிக்" என்ற அந்தத் தானியங்கிக் கியர் கிடைத்தது.

அதில் கியரை மாற்றும் தீர்ப்பை வழங்கியது யார் என்றால், எண்ணெயேதான். வண்டியின் வேகத்தால் ஓர் எண்ணெய் அழுத்தம் உண்டாகும். ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதால் இன்னோர் அழுத்தம் உண்டாகும். ஒரு வால்வின் இரண்டு பக்கமும் நின்று அவை மாமியாரும் மருமகளும் போல் தள்ளுமுள்ளு நடத்தும். எது ஜெயிக்கிறதோ அதன்படி கியர் ஏறும் அல்லது இறங்கும். ஒரு துளி மின்சாரம் கிடையாது.

யுத்தம் வந்ததும் இந்தப் பெட்டி போருக்குப் போயிற்று. 1942-ல் அமெரிக்கர்கள் செய்த எம்-5 என்ற இலகுவான டாங்கியில் இரண்டு காடிலாக் என்ஜின்களும் இரண்டு ஹைட்ரா-மாட்டிக்குகளும் இருந்தன. மேட்டுக்குடிச் சீமாட்டிகளுக்காகப் பிறந்த பெட்டி சேற்றிலும் பள்ளத்திலும் உருண்டு தேறியது. யுத்தம் முடிந்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் கால் இழந்து வீடு திரும்பினார்கள். 1946-ம் வருஷம் ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது: யுத்தத்தில் கால் இழந்தவர்கள் கார் வாங்கிக்கொள்ள ஒவ்வொருவருக்கும் 1,600 டாலர் வரை தருவது என்று. ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி அவர்களுக்கென்றே தானியங்கிக் கியரோடு விசேஷக் கருவிகள் பூட்டிய கார்களைத் தயாரித்தது. சோம்பேறிகளின் சௌகரியம் என்று பலர் பரிகாசம் செய்த அந்தப் பெட்டி, கால் இல்லாதவனுக்குக் காலாயிற்று. என் நண்பரின் வண்டிக்கு இந்தச் சிப்பாய்கள்தான் பாட்டனார்கள்.

நம் தேசத்துக்கு அந்த யுத்தம் விட்டுச்சென்ற சொத்து வேறு. அது ஜீப். 1947-ல் பம்பாயில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. அணை கட்டிய நாட்களில் என்ஜினீயர்களுக்கும் தாசில்தார்களுக்கும் அதுவே வாகனம். எல்லாம் மூன்று மிதி ஜீப்புகள். அந்தப் பரம்பரையில் வந்த தார் வண்டியில் தானியங்கிக் கியர் வந்தது 2020-ல்தான். இடையில் எண்ணெய்ப் பெட்டியோடு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் வெளிதேசத்து ஜாதி வண்டிகள். நண்பருடையதும் அந்த ஜாதி.

இதற்குள் மின்சாரம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. எண்ணெய்க்கு வேகம் தெரியும், பாரம் தெரியும்; மற்றது தெரியாது. பெட்ரோலைச் சிக்கனம் செய்ய அதைவிடக் கெட்டிக்கார நீதிபதி தேவைப்பட்டார். 1969-ல் பிரெஞ்சுக்காரர்கள் ரெனோ 16 காரின் ஒரு வகையில் எலெக்ட்ரானிக் மூளையை வைத்தார்கள். 1987 மாடலிலிருந்து அமெரிக்க ஜீப் செரோக்கி வண்டிக்கு ஜப்பானில் செய்த ஒரு பெட்டி வந்தது. அதில் மூன்று சோலனாய்டுகள். மூளை உத்தரவு போடும். சோலனாய்டு வால்வைத் திறக்கும். எண்ணெய் வேலை செய்யும். மூளை மந்திரி, சோலனாய்டு தாசில்தார், எண்ணெய் தலையாரி.

மந்திரி சபை கவிழ்ந்தால்? இங்கேதான் ஹட்சன்காரர்களின் கியர்த் தண்டு மறு பிறவி எடுத்து வருகிறது. அந்த ஜப்பானியப் பெட்டியில் மின்சாரம் அடியோடு நின்றுவிட்டாலும், கைப்பிடியை ஒவ்வொரு இடமாக நகர்த்தினால் முதல் கியரும் மூன்றாவதும் நாலாவதும் எண்ணெயின் பலத்தாலேயே கிடைக்கும்படி செய்திருந்தார்கள். வேறு பல பெட்டிகளில், மூளைக்குச் சந்தேகம் வந்துவிட்டால் நடுத்தரமான ஒரு கியரைப் பிடித்துக்கொண்டு, விளக்கை மினுக்கி, "மெல்ல வீடு போய்ச் சேர்" என்று சொல்லிவிடும். சாவியை அணைத்துப் போடும்வரை அந்த உத்தரவு மாறாது. மூணாறு சாலையில் எங்களுக்கு நடந்தது அதுதான். வண்டி எங்களைக் கைவிடவில்லை. தனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும், பெட்டியைக் காப்பாற்ற ஒரே கியரில் நின்றுகொண்டது. நாங்கள்தான் அதை மரண அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டோம்.

ஆனால் உடம்புக்கு என்ன? அதைச் சொன்னவர், உடுமலை போகிற வழியில் தகரக் கொட்டகை போட்டு, கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒரு பெரியவர்.

கோவை ஜில்லாவில் இந்தத் தொழிலுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1932-ல் பைக்காராவில் நீர்மின்சாரம் பிறந்தது. அந்தக் கம்பி கோயம்புத்தூருக்கு வந்த பிறகுதான் ஆலைகள் பெருகின. கவலை ஏற்றத்தில் மாடு இழுத்த கிணறுகளில் மோட்டார் இறங்கிற்று. 1937-ல் பாலசுந்தரம் என்பவரோடு சேர்ந்து அதே ஜி.டி. நாயுடு உள்ளூரிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார். மோட்டார் இருந்தால் அது கருகும். கருகினால் செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்ற ஓர் ஆள் வேண்டும். அப்படித்தான் ஊருக்கு ஊர் காயில் கட்டுகிறவர்கள் உண்டானார்கள். சோலனாய்டு என்பதும் ஒரு காயில்தானே? அந்த நம்பிக்கையில்தான் மறுநாள் காலை வண்டியை அங்கே நிறுத்தினோம்.

பெரியவர் வண்டியைத் தொடவில்லை. எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்டார்.

"காலைல குளுந்து கெடக்கறப்ப ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க" என்றார் நண்பர்.

"சூடானா மக்கர் பண்ணுதுங்களா?"

"ஆமாங்க."

"சாவியை அணைச்சுப் போட்டா?"

"மறுபடி கொஞ்ச நேரம் ஓடுதுங்க."

"அப்புறம் எதுக்குங்க பொட்டியைப் பிரிக்கோணும்? பல்லு ஒடைஞ்சிருந்தா, சாவியை அணைச்சுப் போட்டா ஒட்டிக்குமுங்களா?"

ஆறு மாதமாக எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி இது. கம்ப்யூட்டர் காட்டிய எண்ணுக்கு எல்லோரும் அர்த்தம் தேடினோமே தவிர, வண்டி தானே வாய்விட்டுச் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

பிறகு மீட்டரை எடுத்தார். கியர்ப்பெட்டிக்குப் போகும் கம்பிக்கொத்தைக் கழற்றி, சோலனாய்டின் தடையை அளந்தார். 12 ஓம். "இப்ப இவ்வளவுதானுங்க. மலை ஏத்தி, மக்கர் பண்ண வெச்சு, அணைக்காம இங்கயே கொண்டாங்க. சூட்டோட பார்க்கோணும்" என்று அனுப்பிவிட்டார். நோயாளி ஆரோக்கியமாக இருக்கும்போது பரீட்சை செய்து என்ன பயன்? நகரத்துப் பட்டறையில் செய்தது அதுதான்.

மத்தியானம் கொதிக்கக் கொதிக்க வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினோம். மறுபடி அளந்தார். 15 ஓம். நான் பதறினேன். "அது ஏறத்தான் செய்யுமுங்க. செம்பு சூடானா தடை ஏறும். காயிலு நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அடுத்தபடி கம்பிக்கொத்தை மாட்டிவிட்டு, சாவியை அணைத்துத் திரும்பப் போட்டு, முதல் கியரில் வைக்கச் சொன்னார். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொரு முனையைக் கம்ப்யூட்டர் பெட்டியின் எர்த்துக் கம்பியிலும் வைத்தார். இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வேண்டியவை. நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. மீட்டர் 2 வோல்ட் காட்டிற்று.

"வாய்க்கால் நல்லாத்தானுங்க இருக்குது. வடிகால்தான் அடைச்சிருக்குது" என்றார் பெரியவர்.

அமராவதிப் பாசனக்காரர்களுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் மின்சாரத்தை விளக்கிவிட முடியாது. பாட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் காயிலில் வேலை செய்துவிட்டுப் பாட்டரிக்கே திரும்ப வேண்டும். திரும்புகிற வழிக்குத்தான் எர்த்து என்று பெயர். அந்த வழியில் எங்கோ 3 ஓம் தடை உட்கார்ந்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தடை எதுவும் இல்லாவிட்டால், குளிர்ந்த காயிலில் 12 வோல்ட்டுக்கு 1 ஆம்பியர் ஓடும். அடைப்பு சேர்ந்தால் 0.8 ஆகும். அதையும் வால்வு சமாளித்துவிடும். வண்டி சூடாகிக் காயிலின் தடை 15 ஆனால், அடைப்போடு சேர்த்து 18, மின்சாரம் 0.67-தான். காந்தத்துக்குப் பலம் போதவில்லை. மூளைக்குச் சந்தேகம் வந்து விளக்கை மினுக்குகிறது. காயிலும் குற்றவாளி அல்ல, மூளையும் அல்ல, பற்களும் அல்ல. சூடும் அடைப்பும் தனித்தனியே வந்தால் வண்டி தாங்கும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் படுத்துவிடும்.

பெரியவர் முன்னாசனத்துக்கு அடியிலிருந்த விரிப்பைத் தூக்கினார். அங்கே, தரையோடு திருகியிருந்த ஒரு சின்ன போல்ட்டின் அடியில், எர்த்துக் கம்பியின் முனை பச்சைப் பசேலென்று பூத்துக் கிடந்தது. சுற்றிலும் வெள்ளையும் சிவப்புமாகப் பொடி.

"இதென்னுங்க?" என்று கேட்டார்.

நண்பர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "பொட்டாஷுங்க. தென்னைக்கு உரம். மூட்டையை முன்னாடி வெச்சுத்தான் கொண்டுபோவேன்; பின்னாடி போய்த் தூக்கறதுக்கு எனக்குத் தோதுப்படாதுங்க."

பொட்டாஷ் உரம் என்பது ஒரு வகை உப்பு. மூட்டையின் தையலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தி, ஓடைத் தண்ணீரில் நனைந்த செருப்பின் ஈரத்தில் ஊறி, வருஷக்கணக்காக அந்தக் கம்பியைத் தின்றிருக்கிறது.

பெரியவர் அரித்துப்போன முனையை வெட்டி எறிந்தார். கம்பியைச் சுரண்டிப் புது முனையை வைத்து ஈயப்பற்று வைத்தார். தரையிலிருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, போல்ட்டை முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். உப்பால் வந்த நோயை உப்புத்தாள் தீர்த்துவைத்தது. மறுபடி மீட்டர். 2 வோல்ட் காட்டிய இடத்தில் இப்போது அது அசையவே இல்லை.

கூலியாக 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் கொடுக்க நண்பர் கையை நீட்டியபோது, "காயில் கட்டியிருந்தா வாங்குவேனுங்க. கட்டலீங்களே" என்று மறுத்துவிட்டார்.

ஓட்டல் வேலை செய்து சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப் பார்த்த அந்தக் கலங்கல் கிராமத்து வாலிபரை நான் அப்போது நினைத்துக்கொண்டேன். பிரிக்கத் தெரிந்திருப்பது பெரிய காரியம். எதைப் பிரிக்க வேண்டியதில்லை என்று தெரிந்திருப்பது அதைவிடப் பெரிய காரியம். இரண்டும் இந்த ஜில்லாவில் பழக்கத்தில் இருக்கின்றன. புதிய பெட்டி வாங்கத் தயாராக இருப்பவர்களுக்கு இந்தச் சொத்து கண்ணில் படுவதில்லை. வாங்க முடியாதவர்களுக்கு அதுதான் கடைசிப் புகலிடம்.

மறுநாள் நல்ல வெயிலில் மறுபடியும் சின்னாறு வரைக்கும் போனோம். எந்த மேட்டில் யானைகளுக்கு வழிவிட்டு நின்றோமோ அதே மேட்டில் நண்பர் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினார். ஐந்து நிமிஷம் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு வலது காலை மெல்ல அழுத்தினார். முதல் கியரில் புறப்பட்டு, இரண்டாவதுக்கு மாறி, வண்டி மேட்டில் ஏறிற்று. சிறு விளக்கு வாயைத் திறக்கவில்லை. நான் குனிந்து அவருடைய இடது காலைப் பார்த்தேன். அது ஆசனத்தின் ஓரமாகச் சாய்ந்து, ஒரு வேலையும் இல்லாமல், நிம்மதியாக இருந்தது.

திருப்பூர்ப் பேச்சை அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நான் ஊருக்குக் கிளம்பியபோது தாயார் ஒரு பை நிறைய இளநீரைக் கட்டி வண்டியில் ஏற்றச் சொன்னார். நண்பர் வழக்கம்போல் முன்னாசனத்துக்கு அடியைக் காட்டினார்.

"பின்னாடி வை சாமி!" என்று திண்ணையிலிருந்து ஓர் அதட்டல் வந்தது.